காசியும் அல்ல, மேஜரும் அல்ல

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குச் செல்வோர் அருவிகளின் பெயர்களை அறிவர். ஐந்தருவி, சிற்றருவி, செண்பகாதேவி, புலியருவி என்று வரிசையாகச் சொல்லவும் செய்வர். அருவிக்கு அருகிலுள்ள ஊர்களின் பெயர்களைக் கவனிப்போர் சிலரே. இலஞ்சி, மேலகரம், வல்லம், ஆயிரப்பேரி என்னும் செந்தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே காசிமேஜர்புரம் என்று ஓர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டவுடன் நமக்குக் காசி என்ற பெயர் கொண்ட ஒரு படைத்தலைவர் நினைவுக்கு வரலாம். தென்காசிக்கு அருகில் இருப்பதால் ‘காசி’ என்ற முன்பகுதியில் ஐயம் எழுவதும் இல்லை. ஆனால் இப்பெயரில் காசியும் இல்லை, மேஜரும் இல்லை. இது ஓர் ஐரோப்பியக் குடும்பப் பெயர். கேசமேஜர் என்பது அதன் ஆங்கில ஒலி.

இப்பெயரின் வேரைத் தேடிச் சென்றால் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலைச்சாரலை அடைவோம். ‘காசா’ என்றால் வீடு. ‘மயோர்’ என்றால் பெரியது. இரண்டும் இலத்தீன் வழி வந்த சொற்கள். அம்மலைநாட்டில் வீடுகளுக்குப் பெயர் உண்டு. வீட்டின் பெயரே அதில் வாழ்வோரின் பெயராகவும் ஆகும். பெண் மட்டுமே வாரிசாக உள்ள வீட்டில் மணம்புரிந்து குடியேறும் ஆணும் அவ்வீட்டின் பெயரையே ஏற்பான். மனிதர் மாறுவர், வீட்டின் பெயர் நிற்கும். ஊரில் பெரிய வீடு எதுவோ அதில் இருந்தவர்கள் ‘பெரிய வீட்டார்’ ஆனார்கள். நம் ஊர்களிலும் ‘பெரியவீட்டுக்காரர்’ என்ற வழக்கு இருப்பதால் இதனைப் புரிந்துகொள்வது நமக்கு எளிது.

அம்மலையின் தென்புறத்தில் அதே பெயர் காசமயோர் என்று ஒலித்தது. ஸ்பானியர்களுடன் கடல் கடந்து கியூபாவுக்கும் சென்றது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற கியூபா வீரர் ஹோயெல் காசமயோரின் பெயரும் இதுவே. இன்னொரு கிளை இங்கிலாந்தை அடைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிஸ்டல் துறைமுக வணிகரிடையே இப்பெயரைக் காண்கிறோம். கரீபியக் கடலின் ஆண்டிகுவாத் தீவோடு தொடர்புடைய ஜஸ்டினியன் கேசமேஜர் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பாட்டெரல்ஸ் என்னும் மாளிகைக்கு உரியவரானார். ஆண்டிகுவா அக்காலத்தில் கரும்புத் தீவு. அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். பெரிய வீட்டுப் பெயர் செல்லும் இடமெல்லாம் பெரிய வீடு ஒன்றும் எழுந்தது. அதற்கான செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதே நூற்றாண்டில் இப்பெயர் சென்னைக்கும் வந்தது. நோவா கேசமேஜர், ஜேம்ஸ் ஹென்றி கேசமேஜர் ஆகியோர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்தவர்கள். எழும்பூரில் உள்ள காசா மேஜர் சாலை அக்குடும்பத்தின் நினைவே. அங்கும் பெயர் இரண்டாக உடைந்து, யாரோ ஒரு மேஜரின் பெயர்போலத் தோற்றம் தருகிறது. அடுத்த தலைமுறையில் ஜே. ஏ. கேசமேஜர் மைசூரில் ரெசிடெண்டாக இருந்தார். 1831ஆம் ஆண்டு மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது அங்கே ரெசிடெண்டாக இருந்தவர் இவரே. அதன்பின், சுவாதித் திருநாள் அரசாண்ட காலத்தில், திருவிதாங்கூர் ரெசிடெண்டாகவும் பதவி வகித்தார்.

சென்னையிலும் மைசூரிலும் பதவி வகித்த ஒரு குடும்பத்தின் பெயர் குற்றாலத்தில் ஒட்டிக்கொண்டதன் காரணத்தைச் சாரலிலும் வாசனைப் பொருளிலும் தேட வேண்டும். 1801ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் திருநெல்வேலிச் சீமை முழுமையாகக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கடற்கரைப் பகுதிகளையும், 1796இல் மொலுக்காஸ் தீவுகளையும் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தனர். இலங்கை கறுவாப்பட்டையின் நாடு. மொலுக்காஸ் கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றின் தாயகம். அச்செடிகளைத் தம் ஆட்சிப்பகுதிகளில் வளர்த்துப் பார்க்கக் கம்பெனி விரும்பியது. செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து தூவும் குற்றாலம் அதற்கு ஏற்ற நிலமாகத் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியின் வாசனைத் தோட்டங்கள் இங்கே எழுந்தன. வெயிலுக்கு அஞ்சிய வெள்ளை அதிகாரிகள் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தங்கப் பங்களாக்களும் எழுந்தன. 1830களில் பாளையங்கோட்டையில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் தாவரங்களைச் சேகரித்ததும் இக்குற்றால மலையில்தான். தோட்டமும் பங்களாவுமாக இருந்த அந்நாட்களின் எச்சமே காசிமேஜர்புரம் என்னும் ஊர்ப்பெயர்.

அயலார் பெயர் ஊர்ப்பெயராவது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. சாமுவேல் சாயர் என்னும் வணிகரின் பெயரால் சாயர்புரம் உண்டாயிற்று. பொருளுதவி செய்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் டோனாவூர் உண்டாயிற்று. ஆனால் அவ்விரண்டிலும் அயற்பெயர் அயற்பெயராகவே தெரிகிறது. காசிமேஜர்புரத்தில் நிகழ்ந்தது வேறு. மக்கள் தமக்குப் பழகாத ‘காசா’வைப் பழகிய ‘காசி’யாக்கினர். கம்பெனிப் பட்டாளத்தால் அறிமுகமான ‘மேஜர்’ அப்படியே நின்றது. சென்னையில் ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதி ஆகி, அதுவே மீண்டும் ஆங்கிலத்தில் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று மொழிபெயர்க்கப்பட்ட கதை பலரும் அறிந்தது. செவி தான் அறிந்த சொல்லையே கேட்கிறது.

இது தமிழ்ச்செவிக்கு மட்டும் உரிய இயல்பும் அன்று. குற்றாலம் என்ற பெயரை ஆங்கிலேயர் ‘கோர்ட்டாலம்’ என்று எழுதினர். குறும்பலா நிழலில் இறைவன் வீற்றிருக்கும் ஊரின் பெயருக்குள் அவர்கள் செவி தம் நாட்டின் ‘கோர்ட்’டைக் கேட்டது. நாம் அவர்கள் வீட்டைக் காசியாக்கினோம்; அவர்கள் நம் ஊரை நீதிமன்றமாக்கினர். கணக்கு நேராயிற்று என்று நகைக்கலாம். ஆனால் அவர்களுடைய பிழை ஆவணங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் ஏறியது. நம்முடையது முதலில் வாய்வழக்கிலேயே வாழ்ந்தது. அந்த வேறுபாடு அதிகாரத்தின் வேறுபாடு.

இங்கே இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். அந்தக் காசியும் இம்மண்ணில் முளைத்ததன்று. கங்கைக் கரையின் பெயரைச் சிற்றாற்றங்கரைக்குக் கொண்டுவந்தவன் பராக்கிரம பாண்டியன். வடகாசிக்குச் செல்ல இயலாதோர்க்காகத் தெற்கே ஒரு காசியை அமைக்க எண்ணி, 1446ஆம் ஆண்டு விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். பிற்காலத்தில் இக்கோயிலைக் காக்கப்போகும் முகந்தெரியாத மனிதர்களைத் தான் வணங்குவதாகக் கல்லிலும் பொறித்துவைத்தான். மதுரையை இழந்து தென்கோடிக்கு ஒதுங்கிய மரபில் வந்த அரசன் அவன். தன் பணி தனக்குப் பின்னும் நிற்குமா என்ற கவலை அவ்வணக்கத்தில் தெரிகிறது. அக்காசி வேரூன்றி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்துக் கேசமேஜர் வந்தபோது, ஊரார் அவர் பெயருக்குள்ளும் அதையே கேட்டனர். வந்தேறிய ஒரு பெயர் உள்ளூர்ப் பெயராகி, பின்னர் வந்தேறிய இன்னொரு பெயரைத் தன்னுள் இழுத்துக்கொண்டது.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுதவேண்டும் என்று ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. அந்நாட்களில் நம்மிடையே எழுந்த கேள்வி இது: காசிமேஜர்புரம் போன்ற ஒரு பெயரைத் திருத்த முற்பட்டால் எதைச் சரியென்று கொள்வது? ‘கேசமேஜர்புரம்’ என்று எழுதினால் ஐரோப்பியக் குடும்பத்துக்கு நியாயம் செய்ததாகும்; தலைமுறைகளாக அப்பெயரை உச்சரித்து வந்த மக்களின் நாவுக்கு அன்று. ‘காசிபுரம்’ என்று சுருக்கினால் அழகிய தமிழ்ப்பெயர் கிடைக்கும். இருநூறு ஆண்டு வரலாறு மறையும். தோட்டம் போட்டவர் பெயர் நின்றது. மண்வெட்டி பிடித்தவர் பெயர் ஒன்றும் நிற்கவில்லை. அவர்களின் தடம் அப்பெயரில் எஞ்சியிருப்பது ‘காசா’ ‘காசி’யான அந்த ஓர் எழுத்து மாற்றத்தில் மட்டுமே. துரையின் பெயரை வாயில் போட்டு மென்று தமதாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அப்பிழையைத் திருத்துவது அவர்களை இரண்டாம் முறை அழிப்பதாகும் என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டில் பலர் ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன் எழுத்தாகக் கொள்வர். காசிமேஜர்புரத்துக்காரர் ஒருவர் அவ்வாறு ‘கா’ என்று எழுதினால், பிரனீஸ் மலையில் இருந்த ஏதோ ஒரு பெரிய வீட்டின் முதலெழுத்தையே அவர் எழுதுகிறார். வீடு மனிதனுக்குப் பெயர் தந்தது. மனிதன் ஊருக்குப் பெயர் தந்தான். ஊர் மீண்டும் மனிதனுக்குத் தருகிறது. அடுத்த சாரலுக்குக் குற்றாலம் செல்லும் நண்பர்கள் அவ்வூர்ப் பலகையின் முன் ஒரு கணம் நின்று, அதில் எழுதியுள்ளதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவேண்டுகிறோம்.