பேரன் என்றால் பெயரன்: காஞ்சியில் ஒரு பகைவீட்டுச் சம்பந்தம்

‘பார்த்திபன் கனவு’ படிக்காத ஆள் இந்தப் பக்கத்துக்கு வர வாய்ப்பில்லை. இருந்தாலும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பல்லவனோடு சண்டை போட்டு சோழன் பார்த்திபன் சாகிறான். அவன் மகன் விக்கிரமன் நாடு கடத்தப்படுகிறான். செண்பகத் தீவிலிருந்து ரத்தின வியாபாரி வேஷத்தில் ஊர் திரும்புகிறான். மனசுக்குள்ளே இருப்பதோ அப்பாவைக் கொன்ற பல்லவனின் மகள் குந்தவி. 1940களின் தொடக்கத்தில் கல்கி எழுதியது. 1960இல் படமாகவும் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு லீவில் படித்தபோது அத்தனையும் நடந்தது என்றே நம்பினேன். பிறகு விவரம் தெரிந்து, குந்தவி கற்பனை, விக்கிரமன் கற்பனை, சிறுத்தொண்டரும் மாமல்லனும்தான் நிஜம் என்று புரிந்தபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. நிஜப் பல்லவர் வீட்டில் இப்படி ஏதாவது நடந்ததா? வெளியூரில் வளர்ந்து திரும்பிய பையன், பகை வீட்டுப் பெண், கல்யாணம்?

நடந்திருக்கிறது. படப்பையிலிருந்து ஒரகடம், வாலாஜாபாத் வழியாக பஸ் பிடித்தால் போய்ச் சேருகிற தூரத்தில்தான் அதன் பாதிக்கதை கல்லில் நிற்கிறது.

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலில் கருவறையைச் சுற்றி ஒரு திருச்சுற்று உண்டு. அதன் சுவரில் வரிசை வரிசையாகப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. ஒரு பகுதியில் படத்துக்குக் கீழே குறிப்பும் வெட்டியிருக்கிறார்கள், இன்றைய சித்திரக்கதை மாதிரி. இந்தச் சிற்பங்களை முறையாக ஆராய்ந்தவர் சி. மீனாட்சி. அவர் 1940இல் இளம் வயதிலேயே காலமானார். அந்த நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

சுவர் சொல்லும் கதை இது. 731ஐ ஒட்டி, இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துவிடுகிறான். நாட்டுக்கு ராஜா இல்லை. அமைச்சர்களும் கடிகையாரும் (காஞ்சியில் இருந்த கல்விக்கூடத்தார்) முக்கியஸ்தர்களும் கிளம்பிப் போய் இரணியவர்மன் என்ற அரசனைப் பார்க்கிறார்கள். அவனும் பல்லவ ரத்தம்தான். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழி. பிள்ளைகளில் யாராவது வருகிறீர்களா என்று கேட்கிறார்கள். மூத்தவர்கள் மறுக்கிறார்கள். கடைசிப் பையன் பல்லவமல்லன், பன்னிரண்டு வயது, நான் போகிறேன் என்கிறான். அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை. பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்லி சம்மதிக்க வைக்கிறார். மலை, ஆறு, காடெல்லாம் கடந்து பையன் காஞ்சிக்கு வருகிறான். நந்திவர்மன் என்ற பெயரில் முடி சூட்டுகிறார்கள்.

இரணியவர்மன் ஆண்ட நாடு எது என்று அந்தக் குறிப்புகளில் பெயர் இல்லை. இந்த இடைவெளியில்தான் யூடியூப்காரர்கள் புகுந்து கம்போடியா வரை கப்பல் விடுகிறார்கள். நமக்கு அந்தக் கப்பல் வேண்டாம். காசக்குடிச் செப்பேட்டின் வம்ச வரிசைப்படி, பீமவர்மனிலிருந்து எண்ணினால் இந்தப் பையன் ஆறாவது தலைமுறை. அதாவது அவன் ஊர் திரும்பவில்லை. அவன் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா விட்டுப்போன ஊருக்கு வந்தான். காஞ்சியை அதற்கு முன் அவன் பார்த்தே இருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

வந்தவனுக்கு நிம்மதி கிடைத்ததா என்றால், இல்லை. உள்வீட்டிலேயே எதிர்ப்பு. சித்திரமாயன் என்ற இன்னொரு பல்லவன் உரிமை கேட்டு நிற்கிறான். நந்திபுரத்தில் நந்திவர்மனைத் தமிழ் அரசர்கள் முற்றுகையிட, படைத்தலைவன் உதயசந்திரன் போய் சித்திரமாயனைக் கொன்று மீட்டதாக உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. இந்த உதயசந்திரன் வேகவதிக் கரை வில்வலத்துக்காரன். எங்க பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன ஆசை.

வெளியே சாளுக்கியப் பகை. அது பழைய கணக்கு. புலிகேசி காஞ்சி வாசல் வரை வந்தான். 642இல் மாமல்லன் வாதாபியைப் பிடித்தான். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைகிறான். நந்திவர்மன் ஓடவேண்டியதாகிறது. அவனுடைய சமுத்திரகோஷம் என்ற வாத்தியம், கொடி, யானை எல்லாம் பறிபோனதாக சாளுக்கியச் செப்பேடு பட்டியல் போடுகிறது. ஆனால் விக்கிரமாதித்தன் ஊரை இடிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் சொத்தைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்து, அதைக் கன்னடத்தில் ஒரு தூணில் வெட்டிவிட்டுப் போனான். தூண் இன்னும் இருக்கிறது.

இப்போது பெண் வீட்டுக்கு வருவோம்.

சாளுக்கியர்களுக்குக் கீழே சிற்றரசர்களாக இருந்தவர்கள் ராஷ்டிரகூடர்கள். அந்த வீட்டு தந்திதுர்க்கன் 753ஐ ஒட்டி எஜமானனையே கவிழ்த்துவிட்டான். இத்தனைக்கும் அவன் அம்மா சாளுக்கிய இளவரசி. அவளை அவன் அப்பா இந்திரன், கல்யாண மண்டபத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போனதாக 871ஆம் ஆண்டு சஞ்சான் செப்பேட்டில் பேரன்மார் பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோரா தசாவதாரக் குகைக் கல்வெட்டில் தந்திதுர்க்கன் தோற்கடித்தவர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் காஞ்சி அரசனும் உண்டு. அதாவது நம்ம நந்திவர்மன். 750 வாக்கில் அவனுக்கு முப்பது வயது சொச்சம்.

சண்டைக்குப் பிறகு சம்பந்தம். நந்திவர்மனின் ராணி பெயர் ரேவா. அவள் தந்திதுர்க்கன் மகள் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. ஆனால் இதற்கு நேரடிச் சான்று கேட்டால் கிடைக்காது. எங்கள் தொழிலில் கமிட் லாக் என்று ஒன்று உண்டு. யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று இருக்கும். ஏன் மாற்றினார்கள் என்ற இடத்தில் பாதிப் பேர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். செப்பேடும் அப்படித்தான்.

ரேவாவைப் பற்றிச் சொல்வது வேலூர்ப்பாளையம் செப்பேடு. அவளுடைய பேரன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது; கல்யாணம் நடந்து சுமார் நூறு வருஷம் கழித்து எழுதியது. அதில் ரேவாவுக்கு ஒரே சுலோகம். சம்ஸ்கிருதத்தில் ‘மகீப்ருத்’ என்றால் மலை, அரசன் இரண்டும் பொருள். ரேவா என்பது நர்மதை ஆற்றின் பெயர். ஆறு பெரிய மலையில் பிறந்தது போல இவளும் பெரிய அரசனிடம் பிறந்தாள் என்று கவிஞர் சிலேடை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். எந்த அரசன்? சொல்லவில்லை. அடுத்து வரும் மருமகள் அக்களநிம்மடியை மட்டும் கதம்ப குலம் என்று தெளிவாகச் சொல்கிறார்.

அப்படியானால் தந்திதுர்க்கன் மகள் என்று எப்படித் தெரியும்? பிள்ளையின் பெயரை வைத்துத்தான். ரேவா பெற்ற மகன் தந்திவர்மன். பல்லவ அரசர்களில் அதற்கு முன் தந்தி என்று யாரும் இல்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாத்தாவுக்கும் அவர் பங்காளி ஒருவரின் சம்பந்தி வீட்டுக்கும் ஏரி மதகுத் தண்ணீரில் தகராறு. பேச்சுவார்த்தை கிடையாது, சாவுக்குக்கூட போகமாட்டார்கள். பெரியப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர், அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றார். கட்டினார். அதுகூட தாத்தாவுக்குப் பெரிசாகப் படவில்லை. பேர் வைக்கிற அன்றுதான் வெடித்தது. மூத்த பேரனுக்குத் தன் பெயர் என்று அவர் உட்கார்ந்திருக்க, பெரியம்மா தன் அப்பா பெயரை வைத்துவிட்டார். தாத்தா அந்தப் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. ‘பெரியவனே’ என்றுதான் கூப்பிட்டார். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தன் பெயரைத் தாங்குகிறவன். மூத்தவனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர் என்பது நம் பக்கத்தில் பல வீடுகளில் எழுதாத சட்டம்.

அதனால்தான் தந்திவர்மன் என்ற பெயரை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. அவனுடைய அப்பா வழித் தாத்தா இரணியவர்மன். பன்னிரண்டு வயசுப் பையனை அனுப்ப மனசில்லாமல் அனுப்பினவர். காஞ்சி அரியணைக்கு வரப்போகிற பேரனுக்கு அவர் பெயர் இல்லை. ஊரை ஜெயித்த மாமனார் பெயர். இதைத் தோற்றவனுக்குப் போட்ட நிபந்தனை என்று படிக்கலாம். ராணியின் செல்வாக்கு என்றும் படிக்கலாம். தந்திதுர்க்கனுக்கு அடுத்து மகன் யாரும் வரவில்லை, சிற்றப்பா முதலாம் கிருஷ்ணன்தான் வந்தான். அப்பா வீட்டில் தொடராத பெயரை மகள் புகுந்த வீட்டில் வைத்தாளா? காதல் என்ற சொல்லுக்குச் செப்பேட்டில் இடமில்லை. இருந்திருந்தால் இந்தப் பெயருக்குள்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆதாரம் கேட்டு அடிக்க வராதீர்கள்.

சம்பந்தம் செய்தால் சண்டை நிற்குமா? நின்றதாகத் தெரியவில்லை. கிருஷ்ணனின் மகன்கள் இரண்டாம் கோவிந்தனும் துருவனும் அரியணைக்கு அடித்துக்கொண்டபோது நந்திவர்மன் கோவிந்தன் பக்கம் நின்றான். துருவன் ஜெயித்து, காஞ்சி வரை வந்து யானைகளைக் கேட்டு வாங்கிப்போனான். 804ஐ ஒட்டி துருவன் மகன் மூன்றாம் கோவிந்தன் மறுபடி வந்தான். காஞ்சியை ஆண்ட ‘தந்திக’னை வென்று திறை வாங்கியதாக அவன் செப்பேடு சொல்கிறது. தந்திகன் என்றால் நம் தந்திவர்மன்.

இதை ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் வம்ச வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். தந்திதுர்க்கனும் துருவனும் சிற்றப்பா பெரியப்பா பிள்ளைகள், அண்ணன் தம்பி முறை. அப்படியானால் ரேவாவுக்குத் துருவன் சித்தப்பா. அவன் மகன் கோவிந்தன் ரேவாவுக்குத் தம்பி முறை. ஆக, தந்திவர்மன் மேல் படையெடுத்து வந்தவன் அவனுக்குத் தாய்மாமன் முறை! தன் வீட்டு முன்னோர் பெயரையே எதிரியின் பெயராக ராஷ்டிரகூட எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வேலூர்ப்பாளையம் கவிஞர் ரேவாவின் குலப்பெயரைச் சொல்லாமல் சிலேடையில் மறைத்தது ஏன் என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கலாம். பாட்டி வீட்டார் திறை வாங்கிப் போனது நேற்று நடந்தது மாதிரி நினைவில் இருந்திருக்கும். இதற்கு எதிராக ஒன்றும் சொல்லலாம்: ரேவா ராஷ்டிரகூடப் பெண்ணே இல்லை, அதனால்தான் சொல்லவில்லை என்று. பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பும் யாரும் இந்த வாதத்தை மனசில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்கு அந்தச் சந்தேகத்தைக் குறைத்தது அடுத்த கல்யாணம். மூன்றாம் கோவிந்தனின் மகன் அமோகவர்ஷன் 814இல் பட்டத்துக்கு வந்தவன். சண்டையைவிட சம்பந்தத்தை நம்பினவன். கங்கரோடு நீண்டுகொண்டே இருந்த போரை, மகள் சந்திரோபலப்பெயை கங்க இளவரசன் பூதுகனுக்குக் கொடுத்து முடித்தான். காஞ்சியில் மூன்றாம் நந்திவர்மனின் ராணி சங்கா ராஷ்டிரகூட குலத்தவள் என்று பாகூர்ச் செப்பேடு ஒளிக்காமல் சொல்கிறது. அவள் அமோகவர்ஷனின் மகள் என்று கொள்கிறார்கள். அவள் பெற்ற மகன் பெயர் நிருபதுங்கன். அமோகவர்ஷனின் இன்னொரு பெயரும் நிருபதுங்கன். அதாவது பகைவீட்டுப் பெண் காஞ்சிக்கு வந்தால் பிள்ளைக்கு அம்மா வழித் தாத்தா பெயர் என்பது இந்த வீட்டில் குறைந்தது ஒரு முறை நிச்சயமாக நடந்திருக்கிறது.

ஸ்பிரெட்ஷீட்டில் இன்னொரு கட்டமும் நிரம்பியது. தாய்மாமன் கோவிந்தனின் மகன் என்பதால் அமோகவர்ஷன் தந்திவர்மனுக்கு மச்சான். அப்பாவுக்கு மச்சான் என்றால் பிள்ளைக்கு மாமா. மாமா மகள்? ரேவா நிஜமாகவே தந்திதுர்க்கன் மகள் என்றால், மூன்றாம் நந்திவர்மன் கட்டிய சங்கா அவனுக்கு முறைப்பெண். நூறு வருஷத்துக்கு முன் ஜெயித்தவனும் தோற்றவனுமாக ஆரம்பித்த இரண்டு வீடு, நடுவில் மாமனே படையெடுத்து வந்த பிறகும், நம் ஊர்க் கல்யாணப் பேச்சில் சொல்கிற மாதிரி ‘விட்டுப்போன சொந்த’த்தைப் புதுப்பித்திருக்கிறது. அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பெண் கொடுத்தார்களா தெரியாது. கன்னட வீட்டிலும் இந்த முறை கணக்கு உண்டு என்பதால் போட்டிருக்கவும் கூடும்.

பாகூர்ச் செப்பேட்டில் வேறு விஷயமும் இருக்கிறது, ஒரு கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்தது. அதைத் தனியாக எழுதவேண்டும்.

போன மாதம் மறுபடி வைகுண்டப் பெருமாள் கோயில் போயிருந்தேன். அப்பா மகனை அனுப்பத் தயங்கும் அந்தச் சிற்பத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். மணல்கல், முகமெல்லாம் தேய்ந்துவிட்டது. நந்திவர்மன் அறுபத்தைந்து வருஷம் ஆண்டான். அவனுக்குப் பிறகு தந்திவர்மன், இன்னொரு நந்திவர்மன், நிருபதுங்கன், கம்பவர்மன், அபராஜிதன் என்று பெயர்கள் வருகின்றன. இரணியவர்மன் என்று ஒருவரும் இல்லை.