கேட்பவரும் செய்பவரும்: பேருந்து விளையாட்டு மோட்களும் தென்காசி வட்டாரமும்

இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கைப்பேசி விளையாட்டில் இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் ஓடுகின்றன. நிறுவனம் அவற்றை வைக்கவில்லை. ஆடுபவர்களே செய்து சேர்த்த 'மோட்'கள் அவை. செய்பவர் சிலர்; "அண்ணா, எங்க ஊர் பஸ்ஸும் போடுங்க" என்று அவர்களிடம் கேட்பவர் ஏராளம். கேட்பவர் சோம்பேறி, செய்பவர் பிறவி மேதை என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். செய்வதற்கு வேண்டிய அறிவில் பெரும்பங்கு கேட்பவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதியைக் கற்க உட்காரும் இடமும் தமிழில் ஒரு கையேடும்தான் இல்லை. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து இதைப் பார்க்கலாம்.

ஒரு பொருளைப் பயன்படுத்துபவரிடம் உள்ள அறிவு அவர் இருக்கும் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பெயர்த்துத் தயாரிப்பாளரிடம் சேர்ப்பது செலவு மிக்க காரியம் என்று புத்தாக்க ஆய்வாளர் எரிக் வான் ஹிப்பெல் 1994-இல் எழுதினார். பயனர்களே புதியன செய்யத் தொடங்குவதற்கு அவர் காட்டிய காரணங்களில் இது முதன்மையானது. தென்காசிக்கு இது அப்படியே பொருந்தும். புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் எதிரே சரக்கு லாரி வந்தால் பேருந்து எங்கே ஒதுங்கி நிற்கும், அருவிச் சீசன் நாளில் குற்றாலம் வண்டியில் ஈரத்துணியோடு எத்தனை பேர் படியில் தொங்குவார்கள், திருநெல்வேலிக் கோட்டத்து வண்டியின் எண் பலகையில் 'டிஎன் 72'-ஐ அடுத்து 'என்' ஏன் வருகிறது என்பதெல்லாம் இந்தோனேசிய நிறுவனத்துக்குத் தெரிய வழியில்லை. நம் பள்ளி மாணவனுக்குத் தெரியும். அவன் எழுப்பும் வேண்டுகோளில் இந்த நுணுக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆசை என்று ஒதுக்கப்படுவதைக் களஅறிவு என்றே நான் கொள்வேன்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மோட் உலகின் முதற்படி 'லிவரி', அதாவது வண்டியின் மேற்பூச்சு. பேருந்தின் இரு பக்கங்களும் முகப்பும் பின்புறமும் கூரையும் பிரித்து விரிக்கப்பட்டு ஒரே சதுரப் படமாகக் கிடக்கும். அதன்மேல் நிறம் தீட்டி, கோடு இழுத்து, ஊர்ப்பெயர் எழுதிச் சேமித்தால் விளையாட்டில் வண்டி அந்தக் கோலத்தில் வந்து நிற்கும். கைப்பேசியிலேயே முடிகிற வேலை இது. முதல் முறை செய்பவருக்குப் பக்கவாட்டுக் கோடு கதவருகே வந்ததும் முறிந்துவிடும்; கதவு அந்தப் படத்தில் வேறொரு மூலையில் இருப்பது அப்போதுதான் பிடிபடும். முப்பரிமாண உடலும் தட்டைப் படமும் எப்படிப் பொருந்துகின்றன என்ற வடிவியல் பாடம் அந்த முறிந்த கோட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அடுத்த படி பிளெண்டர் என்ற இலவச மென்பொருள்: பேருந்தின் கூட்டை நாமே கட்டுவது, சக்கரமும் விளக்கும் தனித்தனி உறுப்புகளாக நிற்கச் செய்வது, கைப்பேசி திணறாதபடி பரப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இந்தப் படிக்குக் கணினி வேண்டும். பலர் நின்றுவிடுவது இங்கேதான். திறமை தீர்ந்து நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் எழுத்தைச் சேர்க்கும்போது நமக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. ஊர்ப்பலகையைப் படமாக வரைந்தால் தொல்லை இல்லை. எழுத்தாகத் தட்டச்சு செய்து காட்ட முயன்றால், பல விளையாட்டு இயந்திரங்கள் (கேம் எஞ்சின்கள்) தமிழ்க் குறிகளை இடம் மாற்றத் தெரியாமல் குலைத்துவிடுகின்றன. ஒருங்குறியில் மெய்யெழுத்து முதலிலும் கொம்பு போன்ற முன்குறி பிறகும் சேமிக்கப்படுகின்றன. திரையில் அந்தக் குறி முன்னே வர வேண்டும். 'செங்கோட்டை'யில் செ, கோ, டை என மூன்றிடத்தில் இந்தத் தேவை இருப்பதால் பெயரே உருக்குலைகிறது. 'குற்றாலம்' இந்த இடமாற்றச் சிக்கலிலிருந்து தப்பிவிடுகிறது. இதை வெளிநாட்டு நிறுவனம் என்றாவது சரிசெய்யட்டும் என்று காத்திருந்ததால் அல்ல, உள்ளே நுழைந்து பார்த்த தமிழர்களால்தான் கணினித் தமிழ் வளர்ந்தது. விளையாட்டிலும் அப்படித்தான் நடக்கும்.

மோட் செய்வது அத்துமீறல் என்று கருதுவோர் உண்டு. வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 1993-இல் வெளிவந்த 'டூம்' விளையாட்டில் படங்களும் ஒலிகளும் தளங்களும் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கோப்பில் வைக்கப்பட்டன. ஆடுபவர் தம் கோப்பை அதன் பக்கத்தில் சேர்க்கலாம், மூலம் சிதையாது. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டுக்குச் செய்த 'கவுண்டர் ஸ்டிரைக்' மோட் 1999-இல் வெளிவந்தது; மறு ஆண்டே 'ஹாஃப் லைஃப்'-ஐ உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதை வாங்கி இருவரையும் பணியில் சேர்த்துக்கொண்டது.

மூலம் சிதையாதிருத்தல் என்ற இந்த நெறியைக் குற்றாலம் நமக்கு இன்னொரு வழியில் நினைவூட்டும். அங்கே வாழ்ந்து 1954-இல் மறைந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி., கம்பன் பாடல்களில் பல இடைச்செருகல் என்று நீக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். பழைய பாடத்தை அப்படியே வைத்து, தம் திருத்தத்தைத் தனியே காட்டியிருந்தால் அந்த மறுப்பின் வேகம் தணிந்திருக்கும் என்பது என் கருத்து. ஆயினும் வாசித்து வியப்பதோடு நில்லாமல் நூலுக்குள் கைவைக்கும் அளவுக்கு அதில் ஊறிய வாசகர் அவர் என்பதை மறுக்க முடியாது.

மோட் செய்யத் தூண்டுவதற்கு எதிரான வாதம் ஒன்று வலுவானது. மோட் செய்பவரின் உழைப்பு கூலியில்லாதது, ஆதாயம் நிறுவனத்துக்கே என்று விளையாட்டு ஆய்வாளர் ஜூலியன் கூக்லிச் 2005-இல் சுட்டிக்காட்டினார். பொய்யில்லை. ஒருவர் மாதக்கணக்கில் கட்டிய வண்டியை இன்னொருவர் பெயர் மாற்றி வெளியிடுவதும் நடக்கிறது. எல்லாரும் செய்பவராக வேண்டும் என்று வற்புறுத்துவதும் நியாயமாகாது. பொழுதுபோக்காக ஆடுபவருக்கு அந்த உரிமை உண்டு. நான் சொல்வது செய்ய விரும்பியும் வழியறியாமல் நிற்பவரைப் பற்றி. அவருக்குக் கூலி முதற்கேள்வி அல்ல. எங்கே தொடங்குவது என்பதே கேள்வி.

தென்காசியில் இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. பட்டம் இல்லாமல், பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து மென்பொருள் கற்பிக்கும் அதன் பள்ளியும் இந்த வட்டாரத்தில் உண்டு. செய்தே கற்கலாம் என்பதற்கு ஊருக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஆனால் அது பள்ளிப்படிப்பு முடிந்தபின் சிலருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஆரியங்காவுக் கணவாய் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நிலைமை வேறு. கேரள அரசு 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே அனிமேஷனும் ஸ்கிராட்ச் நிரலாக்கமும் கற்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எல்லை மாறியதால் பெற்றது பல. இந்த ஒன்றில் நம் பிள்ளைகள் பின்தங்கியிருப்பது வருத்தம் தருகிறது.

தென்காசி மாவட்ட அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப் எனப்படும் கணினிக் கூடம் வாரத்தில் ஒரு மாலையாவது மோட் செய்யும் வேலைக்குத் திறந்திருக்க வேண்டும். முதல் மாதம் லிவரி மட்டும் போதும். பிளெண்டர் பிறகு வரட்டும். ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பேருந்துகளைச் செய்து முடித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த வண்டியைச் சற்றுத் தள்ளிவைத்து, முதல் வண்டியை எப்படிச் செய்தீர்கள் என்று படிப்படியாகத் தமிழில் எழுதி வெளியிடுங்கள்.