எண்பது வெள்ளிக் கோப்பைகள்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு கண்ணாடிப் பேழையில் 80 வெள்ளிக் கோப்பைகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இரண்டு தடவை பொறித்திருக்கும். ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பதிலடியாக, 1942 ஏப்ரல் 18 அன்று ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் ஹார்னெட் என்ற கப்பலிலிருந்து ஜப்பானை நோக்கிக் கிளம்பின. விமானத்துக்கு 5 பேர், ஆக மொத்தம் 80 பேர். எங்கே போகிறோம் என்று தெரியாமலே தாமாக முன்வந்தவர்கள். சேர்ந்து பயிற்சி எடுத்தது புளோரிடாவில் மூன்று வாரம்தான்.

ஜப்பானியக் காவல் படகு ஒன்று கப்பலைப் பார்த்துவிட்டதால், குறித்த இடத்துக்கு வெகு முன்பே புறப்பட வேண்டியதாயிற்று. தோக்கியோ முதலிய ஊர்களில் குண்டு போட்டுவிட்டுச் சீனாவில் இறங்குவது ஏற்பாடு. எரிபொருள் போதவில்லை. ஒரு விமானம் விளாதிவொஸ்தோக் அருகே இறங்கியது. மற்ற 15 விமானங்களும் சீனக் கரையோரத்திலும் உள்நாட்டு மலைகளிலும் விழுந்து நொறுங்கின. 3 பேர் அப்போதே இறந்தார்கள். 8 பேர் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். அவர்களில் மூவரைச் சுட்டுக் கொன்றார்கள், ஒருவர் சிறையில் நோயுற்றுச் செத்தார்.

டேவிட் தாட்சர் என்ற துப்பாக்கி வீரருக்கு அப்போது 20 வயது. அவருடைய விமானம் கரையோரக் கடலில் விழுந்தது. கூட இருந்த நால்வருக்கும் பலத்த காயம். அவர்தான் கட்டுப் போட்டு, ஊர்க்காரர்கள் உதவியோடு அவர்களைக் காப்பாற்றினார். இப்படிப்பட்டவர்களுக்குள் மூன்று வாரப் பழக்கம் எழுபது வருஷம் நீடித்ததில் ஆச்சரியம் என்ன?

புறப்படும் முன் டூலிட்டில், சீனா போய்ச் சேர்ந்ததும் பெரிய விருந்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே நடக்கவில்லை. போர் முடிந்து 1945 டிசம்பரில், தம் பிறந்த நாளை ஒட்டி, பிழைத்தவர்களை மயாமிக்கு வரவழைத்து வாக்கைத் தீர்த்தார். ஒருநாள் விருந்தோடு முடியவில்லை. பிறகு ஏறக்குறைய ஒவ்வோர் ஏப்ரலும் கூடினார்கள். நம் ஊர்ச் சொல்தாக்கள் நவம்பர் 11 அன்று பதக்கங்களை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோப்பைகளை 1959-இல் டூஸான் நகரத்தார் பரிசளித்தார்கள். ஆண்டுதோறும் கதவைச் சாத்திக்கொண்டு பெயர் கூப்பிடுவார்கள். அந்த ஆண்டு இறந்தவரின் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்த பிறகும் பெயரைப் படிக்க முடிய வேண்டும், அதற்குத்தான் இரண்டாவது பொறிப்பு. ஆபீசில் ஒருவர் காலமானால் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடுவோம். நாற்பது வருஷம் கோடு போட்ட எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

கூடவே ஒரு புட்டி கோன்யாக் இருந்தது. எனெஸி (ஹகரத்தை உச்சரித்தால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் விரலில் அடிப்பார்), 1896-ஆம் வருஷத்துச் சரக்கு. டூலிட்டில் பிறந்த வருஷமும் அதுவே. கடைசியில் மிஞ்சும் இருவர் அதைத் திறந்து மற்றவர்களுக்காகக் குடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். டூலிட்டில் 1993-இல் போய்விட்டார். 2013-இல் நால்வர் மிஞ்சினார்கள். இருவராகும் வரை காத்திருக்க வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். சரியான முடிவு. அந்த வயதில், மிஞ்சும் இருவரும் எழுந்து வரும் நிலையில் இருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்?

2013 நவம்பர் 9 அன்று டேட்டனில் ரிச்சர்ட் கோல், எட்வர்ட் செய்லர், தாட்சர் மூவரும் கூடினார்கள். நான்காமவர் ராபர்ட் ஹைட் உடல்நலமின்றி வரவில்லை. ஜப்பானியச் சிறையில் 40 மாதம் கிடந்தவர் அவர். புட்டியைத் திறந்தவர் கோல், டூலிட்டிலின் துணை விமானி, வயது 98. இறந்தவர்களை நினைத்து ஒரு வாய் அருந்தினார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக ஜப்பானியர் சீனக் கிராமங்களை அழித்தார்கள். மாண்டவர்கள் 2,50,000 பேர் என்று பல நூல்கள் சொல்கின்றன. அவர்களுக்குக் கோப்பை கிடையாது. ஆனால் வீரர்கள் மறக்கவுமில்லை. தப்ப உதவிய லியூ என்ற சீனப் பொறியாளரைத் தங்களில் ஒருவராகவே ஏற்று, கூட்டங்களுக்கு அழைத்தார்கள்.

2015-இல் செய்லரும் ஹைட்டும் காலமானார்கள், 2016-இல் தாட்சர். மூன்று வருஷம் கோல் தனியாளாக இருந்தார். 2019 ஏப்ரல் 9 அன்று, 103 வயதில் அவரும் மறைந்தார். அஞ்சலிக் கூட்டத்தை ஏப்ரல் 18 அன்று வைத்தார்கள்.