கூழாங்கல் மெருகிட்ட இரு சுவர்கள்

செட்டிநாட்டு வீட்டின் சுவரையும் மொராக்கோவில் மராக்கெஷ் நகரத்துக் குளியல் கூடத்தின் சுவரையும் சேர்த்துப் பேச முதலில் தயக்கம் வரும். ஒன்று பால்வெள்ளை, மற்றது பெரும்பாலும் செம்மண் நிறம். ஒன்று விருந்தினர் அமரும் முகப்பிலும் வளவிலும் நிற்கிறது. மற்றது நீராவியும் வெந்நீரும் ஓயாத ஹமாமில் நிற்கிறது. ஆனால் இரண்டின் மீதும் உள்ளங்கையை வைத்தால் ஒரே வழவழப்பு. இரண்டும் சுண்ணாம்பு. இரண்டுக்கும் மெருகு தந்தது கைக்குள் அடங்கும் ஒரு கூழாங்கல்.

மராக்கெஷ் பூச்சுக்குத் தடெலக்ட் என்று பெயர். நம்முடையதைச் செட்டிநாட்டுப் பூச்சு என்றும் முட்டைப் பூச்சு என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றே. காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. உலகெங்கும் சுண்ணாம்புப் பூச்சு அப்படித்தான் இறுகும். இந்த இரண்டும் மற்றவற்றிலிருந்து பிரிவது, இறுகுவதற்கு முன்னால் கிடைக்கும் சில மணி நேரத்தில்.

அந்த நேரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கடைசிப் பூச்சு ஏறிவிட்டது. மேற்பரப்பில் நீரின் மினுக்கம் அடங்கும்வரை கொத்தனார் தொடமாட்டார். விரல் வைத்தால் அழுந்தும், ஆனால் ஒட்டாது என்ற பதம் வரவேண்டும். பதம் வந்ததும் முதலில் கரணை, பிறகு கல். சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தம் குறையாமல் தேய்க்கத் தேய்க்க, உள்ளிருந்து நுண்ணிய சுண்ணாம்பு பசையாக மேலே எழுந்து கண்ணுக்குத் தெரியாத துளைகளை அடைக்கிறது. முந்தினால் பூச்சு பெயர்ந்து வரும். பிந்தினால் கல் கீறும், மெருகு ஏறாது. சுவரின் நடுவில் நிறுத்திவிட்டு நாளை தொடர்வதும் முடியாது, இணைப்பு வடுவாகத் தெரியும். காரைக்குடிக் கொத்தனாரும் மராக்கெஷ் கைவினைஞரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே ஒரே சாரத்தில் நின்று இந்த வேலையைச் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல் ஒன்றுபடுத்துவதைக் கலவை பிரிக்கிறது. செட்டிநாட்டுக்காரர் தம் நம்பிக்கை முழுவதையும் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டி அல்லது வெல்லம், மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு: எல்லாம் சுவரேறும் முன்பே சுண்ணாம்போடு சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். கலவையும் குறைந்த நீரிலேயே இளகி நிற்கும். வெள்ளைக்கருவின் புரதம் துகள்களைப் பிணைத்து மேற்பரப்புக்கு இறுக்கம் தரும். பல படிகளாக, கரடிலிருந்து நைசுக்குப் போய், கடைசிப் படி வெண்ணெய்ப் பதத்தில் முடியும்.

மராக்கெஷில் கலவை எளிது. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லிலேயே களிமண்ணும் சிலிக்காவும் இயற்கையாகக் கலந்திருப்பதால், அது ஈரத்திலும் ஓரளவு இறுகும் குணம் கொண்டது. வேகாத சிறு துணுக்குகளே மணலின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சேர்மானம் கடைசியில்தான் வருகிறது. கல்லால் மெருகிட்ட பின், ஆலிவ் எண்ணெயிலிருந்து செய்த கருஞ்சோப்பைக் கரைத்துத் தடவி, மறுபடியும் கல்லால் தேய்க்கிறார்கள். சோப்பு சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரில் கரையாத கால்சியம் சோப்பாகிறது. துளைகளில் அது குடியேறியதும் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. உப்புத் தண்ணீரில் துணி துவைக்கும் வீடுகளில் வாளி விளிம்பில் படியும் வெண்ணிறப் பிசுக்கும் இந்த வகைப் பொருளே. நாம் தேய்த்துக் கழுவித் தள்ளுவதை அவர்கள் சுவருக்குக் காப்பாக்கியிருக்கிறார்கள்!

இங்கேதான் எதிர்பாராத உறவொன்று தென்படுகிறது. அந்தக் கருஞ்சோப்பு சுவருக்கென்று செய்ததல்ல. ஹமாமில் உடம்பில் தேய்த்துக் குளிக்கும் அதே சோப்பு. நம் கடுக்காய் மருந்துப் பெட்டியிலிருந்தும், கருப்பட்டி அடுக்களையிலிருந்தும் வந்தவை. இரு ஊர்களுமே உடம்புக்கு ஆகும் பொருளைச் சுவருக்கும் கொடுத்திருக்கின்றன. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வீடுகளில் இது இன்னும் வியப்பு. பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கப்பலேறி வந்த வீடுகள் அவை. அத்தனை செல்வத்துக்கும் நடுவே சுவரின் பளபளப்பை மட்டும் உள்ளூர்ச் சாமானே தந்தது.

கலவையில் தொடங்கிய வேறுபாடு வாழ்நாள் முழுக்க நீள்கிறது. செட்டிநாட்டுச் சுவர் கொத்தனார் இறங்கும் அன்றே அநேகமாக முடிந்துவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், நூறாண்டு கடந்தும் முகம் தெரிகிறது. தடெலக்ட் அப்படி முடிவதில்லை. அவ்வப்போது சோப்பு கொடுத்து வரவேண்டும்; கொடுக்கக் கொடுக்க நீர் தாங்கும். முன்னது கட்டியவரின் படைப்பு. பின்னதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. இதில் எது மேல் என்று கேட்டால், குளியலறைக்குத் தடெலக்ட் என்று தயங்காமல் சொல்வேன். முதுகு சாய்த்து உட்காரும் கூடத்துக்கு நம் சுவருக்கு ஈடில்லை.

பலவீனத்திலும் இரண்டும் உடன்பிறந்தவை. எலுமிச்சையும் வினிகரும் இரண்டையும் அரிக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் ஒரு துளி தெறித்தாலும் மெருகு அந்த இடத்தில் செத்துவிடும். விரிசல் விழுந்தால் ஒட்டுப்போட முடியாது. ஒட்டு காலமெல்லாம் தனியாகத் தெரியும். நம் ஊரில் இதைவிடப் பெரிய கேட்டைப் பார்க்கிறேன். கீழ்ச்சுவரில் பொரிந்த இடத்தைச் சிமெண்டால் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி, உப்போடு சேர்ந்து பக்கத்திலுள்ள நல்ல பூச்சையும் தள்ளிக்கொண்டு வருகிறது. பழைய வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது எளிது: பொரிந்த பகுதியை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை முழுப் பரப்பாகக் கொத்தி, சுண்ணாம்பிலேயே மறுபடி எடுப்பது. செலவு கூடும், நாளும் ஆகும். ஆனால் கல் பிடிக்கத் தெரிந்த கொத்தனாருக்கு வேலை கிடைப்பதும் அப்போதுதான்.