மனத்தை எந்தப் படியால் அளப்பது?

செங்கற்பட்டுக்கு அடுத்துத் திருமணி என்று ஓர் ஊர். தொழுநோயாளிகளுக்காக லேடி வில்லிங்டன் பெயரில் அங்கே ஏற்பட்ட ஆஸ்பத்திரியை 1955-ல் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. அதற்கு முன்பு, 1940-களில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்துகளை அங்கே கொடுத்துப் பார்த்தார். அந்த வியாதியில் குணத்தை அளக்கக் கண்ணுக்குத் தெரிகிற வழி ஒன்று உண்டு. தோலை லேசாகக் கீறி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துக் கிருமிகளை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்து குறைந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் நோயாளிக்கு விடுதலை. விடுதலைக் காகிதத்தோடு ஊருக்குப் போனவரைச் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார விட்டார்களா என்பது வேறு கணக்கு. அது மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

மனநோயைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுத் தொழுநோயில் தொடங்குவானேன் என்று வாசகர் கேட்கலாம். மனநோயில் எண்ணுவதற்குக் கிருமி இல்லை. அங்கே இருப்பதெல்லாம் அந்தத் திண்ணைக் கணக்குத்தான். அதை யார் எழுதுவது, எந்தப் படியால் அளந்து எழுதுவது என்பதில் நம் பக்கத்து வைத்தியர்கள் பட்ட பாடு ஒரு சரித்திரம்.

சென்னையில் சித்தப்பிரமை கொண்டவர்களுக்கென்று 1794-ல் முதல் விடுதியை ஏற்படுத்தியவர் வாலன்டைன் கானலி என்ற ரண வைத்தியர். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. வெள்ளைக்காரர் காலத்துப் பைத்தியக்கார விடுதிகளின் வருஷ அறிக்கைகளில் கட்டம் போட்ட அட்டவணைகள் உண்டு. குணமானவர், தேறியவர், உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டவர், இறந்தவர் என்று பத்தி பத்தியாகப் போகும். ஒருவர் எந்தப் பத்தியில் விழுவார் என்று தீர்மானிப்பவர் சூப்பரின்டென்டென்ட். "எனக்கு இப்போது எப்படி இருக்கிறது" என்று நோயாளியே சொல்வதற்கு ஒரு பத்தி கிடையாது. கதை எழுதுகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது அந்தக் காலி இடந்தான்.

1961-ல் கீழ்ப்பாக்கத்தின் தலைமைப் பொறுப்பை டாக்டர் சாரதா மேனன் ஏற்றார். இந்தியாவின் முதல் பெண் மனோவைத்தியர் என்று அவரைச் சொல்வது வழக்கம். ஓய்வு பெற்றபின் 1984-ல் மனச்சிதைவு நோய்க்கென்று ஸ்கார்ஃப் ஸ்தாபனத்தை அவர் தொடங்கினார். அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் தாராவும் சகாக்களும் செய்த காரியம் உலகத்தில் அபூர்வமானது. 1981, 1982-ல் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு முதன்முதலாக மனச்சிதைவோடு வந்த 90 பேரை அவர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். வீடு மாறினால் வீடு தேடிப் போனார்கள். பத்து வருஷக் கணக்கு 1994-லும், இருபது வருஷக் கணக்கு 2004-லும் வெளிவந்தன. பத்து வருஷ முடிவில் பெரும்பாலோருக்கு நோயின் குறிகள் அடங்கியிருந்தன. முற்றிய பைத்தியம் தீராது என்று நம்பிய ஊருக்கு இது புதுச் செய்தி.

குறி அடங்கிவிட்டால் போதுமா? நம் ஊரில் ஒருவன் தேறிவிட்டானா என்பதற்கு இரண்டு படிகள் வைத்திருக்கிறோம்: வேலை, கல்யாணம். (நம் நாவலாசிரியர்களும் கதாநாயகியைக் கல்யாணப் பந்தலில் கொண்டு நிறுத்திவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறவர்கள்தாம்; அந்த ஜாதியில் நானும் ஒருவன்.) ஆகவே இந்த ஆராய்ச்சிக்காரர்கள் கல்யாணத்தையும் அளந்தார்கள். ஆண்களில் கல்யாணம் ஆகாமலே நின்றவர்கள் அதிகம். பெண்களில் கல்யாணம் ஆகி முறிந்தவர்கள் அதிகம். கணவன் விட்டுப்போன பெண்களைத் தனியாகக் கண்டு பேசி 2003-ல் தாரா ஒரு கட்டுரை வெளியிட்டார். பைத்தியம் என்ற பேரைவிட வாழாவெட்டி என்ற பேரே அந்தப் பெண்களையும் பெற்றவர்களையும் கூர்மையாகக் குத்திற்று என்று அதில் கண்டிருக்கிறது. காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன, மருந்து பிடித்துவிட்டது, பிறந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை எந்தப் பத்தியில் எழுதுவது?

இதற்கிடையில், பணக்கார நாடுகளைவிட ஏழை நாடுகளில் மனச்சிதைவு நன்றாகத் தேறுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் பழைய ஆராய்ச்சிகளைக் காட்டிச் சிலர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். ஆக்ரா அந்த ஆராய்ச்சியில் ஓர் இடம். கூட்டுக்குடும்பமே மருந்து என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. 2008-ல் அந்த நம்பிக்கையைச் சந்தேகித்து ஒரு கட்டுரை வந்தது; எழுதிய நால்வரில் தாராவும் ஒருவர். சொந்த ஊர்ப் பெருமையைத் தாமே உரசிப் பார்க்க நெஞ்சுரம் வேண்டும்.

இனி சர்க்காரின் படி. 2002-ல் இந்திய மனோவைத்தியர் சங்கம் ஓர் அளவுகோல் வகுத்தது. தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நாலு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை எண். நோய் எத்தனை வருஷம் என்பதற்கும் எண். குறை இல்லையென்றால் 0, குறை முற்றினால் 4. நன்கு யோசித்துச் செய்த அளவுகோல், சந்தேகமில்லை. ஆனால் அது அளப்பது இழப்பை. குறை 40 சதவீதம் வந்தால் சான்றிதழ். அதைக் காட்டினால்தான் உதவித் தொகை, பஸ் சலுகை இவற்றுக்கு மனுப் போடலாம். தேறத் தேற எண் இறங்கும். 40-க்குக் கீழே போனால் வாசல் அடைபடும். பிள்ளை கொஞ்சம் நன்றாக இருக்கிற நாளில் பரிசோதனைக்கு அழைத்துப் போக அம்மா தயங்குவாள் என்றால் அவள்மேல் எனக்குக் கோபம் வராது. தேறுவதற்கு அபராதம் விதிக்கிற படி அது.

2009-லும் 2010-லும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் ஒரு பரீட்சை நடந்தது. (இன்றைய செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது 2019-ல்.) மொத்தம் 282 நோயாளிகள். 187 பேருக்கு வைத்தியத்தோடுகூட, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் உதவினார்கள். மற்றவர்களுக்கு வைத்தியம் மட்டும். ஒரு வருஷத்தில் முதல் கூட்டத்தாரின் குறை ஓரளவு அதிகமாகக் குறைந்தது. மருந்தும் ஒழுங்காக உள்ளே போயிற்று. அவமானம், ஒதுக்கிவைப்பு இவற்றில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. திருமணியின் திண்ணை இங்கேயும் அசைந்துகொடுக்கவில்லை.

அந்தப் பரீட்சையை ஒட்டி இன்னொரு நல்ல வேலையும் நடந்தது. என்ன மாறினால் தேறியதாக நினைப்பீர்கள் என்று நோயாளிகளையும் வீட்டாரையுமே கேட்டார்கள். நாலு பேரோடு பழக வேண்டும், சம்பாதிக்க வேண்டும், குடும்பத்துக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்ய வேண்டும், மருந்தில்லாமல் இருக்க வேண்டும், நம் காரியத்தை நாமே தீர்மானிக்க வேண்டும் என்றெல்லாம் பதில் வந்தது. 1993-ல் வில்லியம் ஆன்டனி என்ற அமெரிக்கர், தேறுவது என்றால் பழையபடி ஆவதல்ல, நோய் மிச்சமிருந்தாலும் நிறைவாக வாழ்வது என்று எழுதினார். நம்மவர் பட்டியலில் 'கடமை' என்ற ஒரு சொல் அதிகம். அது எனக்குப் பிடித்திருக்கிறது. சற்றுப் பயமாகவும் இருக்கிறது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் கோவளம் வரும். தெருவில் திரிந்த மனநோய்ப் பெண்களுக்காக 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் ஸ்தாபனம் இந்தக் கரையிலும் வேலை செய்கிறது. வருஷக்கணக்கில் விடுதியிலேயே தங்கிப்போனவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைக்கும் திட்டத்தை 2015-ல் அது தொடங்கிற்று. 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் நல்ல முன்மாதிரிகள் வரிசையில் இதையும் சேர்த்தது.

இங்கே பலனை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விப் படிவம் வேடிக்கையானது. மூளையில் அடிபட்டுப் பிழைத்தவர்களுக்காக வட அமெரிக்காவில் செய்தது. குரல் கேட்கிறதா, சந்தேகம் வருகிறதா என்று அது கேட்பதில்லை. வீட்டுச் சாமான் வாங்கக் கடைக்குப் போவது யார்? சமைப்பது யார்? சிநேகிதர்களைப் பார்க்க மாதத்தில் எத்தனை தடவை போகிறீர்கள்? மனசு விட்டுப் பேச ஒருவர் உண்டா? விடுதியிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், வீட்டுக்கு வந்தவர்களின் எண் ஏறியிருந்தது.

ஏறியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்கார் படியில் தேறினால் எண் இறங்குகிறது. இந்தப் படியில் ஏறுகிறது. இருபது வருஷம் சாப்பாட்டு மணிக்கு வரிசையில் நின்றவள் பையை எடுத்துக்கொண்டு, அண்ணாச்சி கடையில் கால் கிலோ துவரம்பருப்பு கேட்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்கினால் அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. என்னைக் கேட்டால் இன்னும் ஒரு கேள்வி சேர்ப்பேன்: காசு குறைந்த நாளில் அண்ணாச்சி அவள் பெயரைக் கடன் நோட்டில் எழுதிக்கொள்கிறாரா?