நாயின் தோலில் ஒரு திராட்சைக் கொத்து



ஓவேலியில் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் நாய்களுக்கும் சொறி பிடிக்கும். ஆரோட்டுப்பாறை, பார்வுட், எல்லமலை என்று எங்கே போனாலும் லயத்துக்கு லயம் நாய் உண்டு. தேயிலைக்குள் புகுந்து வரும்; அட்டை கடிக்கும்; உண்ணி ஏறும்; உடம்பில் ஈரம் காயாது. சொறிந்து சொறிந்து சீழ்க்கொப்புளமாகி முடி கொட்டும். "சார், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை ஆறியது. இப்போது அதே மாத்திரைக்கு ஆறவில்லையே, ஏன்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அவர் ஒருவருக்கு மட்டும் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1880-களில் ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழை நுண்ணோக்கியில் பார்த்தார். கிருமிகள் திராட்சைக் கொத்துப் போலத் தெரிந்தன. கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்து ஸ்டெபைலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சைக்குப் பக்கத்தில் அழிந்து கிடக்கக் கண்டதும் இதே கிருமிதான். அதிலிருந்துதான் பென்சிலின் வந்தது. 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே அவர் எச்சரித்தார்: மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, தாங்கிக்கொள்ளப் பழகிவிடும் என்று. யார் கேட்டார்கள்? 1948-க்குள் லண்டன் மருத்துவமனை ஒன்றில் எடுத்த ஸ்டெபைலோகாக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேல் பென்சிலினுக்கு அடங்கவில்லை. மருந்தையே வெட்டிப்போடும் நொதியை அவை சுரந்தன.

அந்த நொதியால் வெட்ட முடியாத மெத்திசிலின் 1959-ல் வந்தது. 1961-லேயே அதையும் மீறிய கிருமி இங்கிலாந்தில் அகப்பட்டது. இந்த முறை அது மருந்தை வெட்டவில்லை. மருந்து வந்து ஒட்டவேண்டிய இடத்தையே மாற்றிக்கொண்டது. சாவியை உடைப்பது ஒரு வழி, பூட்டையே மாற்றுவது இன்னொரு வழி. பூட்டை மாற்றிவிட்டால் அந்தக் குடும்பத்துச் சாவி எதுவும் சேராது. அமாக்சிசிலின், செபலெக்சின் எல்லாம் அதே குடும்பம்தான்.

நாயின் கதை இங்கேதான் சேர்கிறது. நாயின் தோலில் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் ஒன்று உண்டு. அதை மனிதரின் கிருமி என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1976-ல் தனிப்பெயர் வைத்தார்கள். 2005-ல் இன்னும் பிரித்துப் பார்த்து சூடின்டர்மீடியஸ் என்றார்கள். பெயர் வைத்த சில ஆண்டுகளிலேயே, பூட்டை மாற்றிக்கொண்ட அதன் வகைகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவிவிட்டதை 2010-ல் வந்த ஆய்வு காட்டியது.

நாய்க்குத்தானே என்று விட்டுவிட முடியாது. பேரப்பிள்ளைக்குத் தோலில் சீழ் வைத்தால் மருத்துவர் எழுதுவதும் பல நேரம் இதே செபலெக்சின்தான். நாயின் கிருமி மனிதருக்கு வருவது அபூர்வம், ஆனால் வருவதுண்டு. நம் கிருமி நாய்க்குப் போவதும் உண்டு.

நம் நாட்டில் கவலை தாமதமாகத்தான் வந்தது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டன. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் இருந்த 46 மருந்துகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றது. 2019-ல் உணவுக்காக வளர்க்கும் கோழிக்கும் கால்நடைக்கும் கொலிஸ்டின் கொடுப்பது தடை செய்யப்பட்டது. செபலெக்சின் போன்ற பழைய மாத்திரைகளுக்கும் சட்டப்படி சீட்டு வேண்டும். நடப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஆறாத புண்ணுக்கு என்ன வழி? வேடிக்கை என்னவென்றால், பதில் ஒரு பழைய மருந்தில் இருக்கிறது. 1954-ல் பிம்ப்ரியில் அரசின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் குளோர்ஹெக்சிடின் விற்பனைக்கு வந்தது. மேலே பூசும், கழுவும் மருந்துதானே என்று அதை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கம் 2017-ல் தந்த வழிகாட்டுதல், மேல்தோல் புண்களுக்கு முடிந்தவரை அதைப் போன்ற வெளிமருந்தையே முதலில் நாடச் சொல்கிறது. தோலின் மேல் நேராகக் கிடைக்கும் மருந்தின் அடர்த்தி மாத்திரையால் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அதனால் மாத்திரைக்கு அடங்காத கிருமியும் பெரும்பாலும் அடங்கும்.

நான் மருத்துவன் அல்ல. கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

அவர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவை, சாதாரணமாக வாரம் இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம் உடம்பில் ஊறவிட்டுக் கழுவுங்கள். கண்ணிலும் காதுக்குள்ளும் படக்கூடாது. பிறகு நன்றாகத் துவட்டுங்கள்.

சொறிக்கு மூலம் உண்ணியா, தெள்ளுப்பூச்சியா, ஒவ்வாமையா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தீர்க்காமல் கிருமியை மட்டும் கொன்றால் திரும்ப வரும்.

மாத்திரைக்கு ஆறவில்லை என்றால் அடுத்த மாத்திரைக்குத் தாவாமல், சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்யக் கேளுங்கள். முடிவு வரச் சில நாளாகும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதில் தெரியும். சென்னை வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் வயநாடு பூக்கோட்டிலும் ஒன்று உண்டு. எங்கே அனுப்பலாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

பழைய சீட்டை வைத்து மாத்திரை வாங்காதீர்கள். இரண்டு நாள் கொடுத்து, ஆறியதுபோல் தெரிந்ததும் நிறுத்தாதீர்கள். மண்ணெண்ணெயும் வண்டியின் கழிவு ஆயிலும் தடவவே வேண்டாம். நாய் நக்கினால் விஷம். புண்ணுள்ள நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புது மருந்து கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதை மீறக் கிருமிக்கு இரண்டு ஆண்டு போதுமாக இருந்தது. இருக்கிற மருந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டு நாய்க்கு இப்படி நேர்ந்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் சார்