இடுப்பு வலியும் கல்கத்தா ஊசியும்

ரெண்டு வருஷமா எனக்கு இடுப்பு வலி. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற பொழப்புக்குக் கிடைச்ச போனஸ். மாத்திரை போட்டா வலி அடங்கும், வயிறு எரியும். வயித்துக்கு இன்னொரு மாத்திரை. இப்படியே ஓடிக்கிட்டிருந்தப்ப, ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னதும்தான் உறைச்சது. "வலி மாத்திரையைக் குறைச்சே ஆகணும். பிசியோதெரபி, நடைப்பயிற்சி ஆரம்பிங்க. வேணும்னா அக்குபங்சரும் பாருங்க" என்றார்.

ஊசின்னாலே எனக்கு அலர்ஜி. லேக் மார்க்கெட்ல வாழைப்பூ வாங்க வந்த மாமி ஒருத்தர்தான் தைரியம் சொன்னாங்க: "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், போயிட்டு வாங்கோ." போனேன். முடி மாதிரி ஊசி, இருபது நிமிஷம் குப்புறப் படுத்திருக்கணும். சீன வைத்தியம் கல்கத்தாவுல இவ்வளவு வேர் விட்டது எப்படின்னு அப்பதான் யோசனை வந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். நல்ல கதைங்க இது.

1938. சீனா மேல ஜப்பான் போர் தொடுத்திருந்த நேரம். சீனத் தளபதி சூ டே, மருத்துவ உதவி கேட்டு நேருவுக்கு எழுதினார். அப்போ காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். நாமே அடிமை நாடு, ஆனாலும் ஐந்து டாக்டர்களைக் கப்பலேற்றி அனுப்பினோம்: அடல், சோல்கர், கோட்னிஸ், முகர்ஜி, பாசு. சோலாப்பூர்க்காரரான கோட்னிஸ் 1942-ல் சீனாவிலேயே இறந்தார். சாந்தாராம் அவரை வச்சு 1946-ல் படமே எடுத்தார். அதனால அவரை எல்லாருக்கும் தெரியும். கல்கத்தாக்காரர் பிஜாய் குமார் பாசுவை யாருக்குத் தெரியும்?

பாசு உயிரோட திரும்பினார். 1950களின் பிற்பகுதியில மறுபடி சீனா போனார். அவருக்கு நாள்பட்ட சைனஸ் தொல்லை. அங்கே ஊசி குத்திக்கிட்டதுல குணம் தெரிஞ்சது. அலோபதி படிச்ச மனுஷன், "ஏதோ சரியாச்சு"ன்னு விட்டுடாம, உட்கார்ந்து அதைக் கத்துக்கிட்டார். 1959-ல் கல்கத்தாவுல ஆரம்பிச்சார். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், பீகிங்கில் குடல்வால் ஆபரேஷனுக்கு அப்புறம் ஊசி குத்திக்கிட்டதை எழுதி அங்கே பரபரப்பானது 1971-ல்தான்!

ஆரம்பிச்ச மூணே வருஷத்துல 1962 போர். கல்கத்தா சீனர்களையே பிடிச்சு ராஜஸ்தான்ல தேவ்லி முகாமுக்கு அனுப்பின காலம். அப்போ சீன ஊசியோட ஒரு டாக்டர் இந்த ஊர்ல உட்கார்ந்திருக்கணும்னா எவ்வளவு பிடிவாதம் வேணும்! விதை பிழைச்சது. 1996-ல் மேற்கு வங்கம் அக்குபங்சருக்குன்னே சட்டம் போட்டது.

சரி, ஊசி நிஜமாவே வேலை செய்யுதா? ஜெர்மனியில, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2007-ல் வெளியாச்சு. முறைப்படி குத்தினவங்கள்ல 47.6 சதவீதம் பேருக்குக் குணம். மாத்திரை, பிசியோதெரபின்னு வழக்கமான சிகிச்சையில 27.4 தான். ஆனா மூணாவதா ஒரு குழு இருந்தது. அவங்களுக்குப் புள்ளி பார்க்காம, வேற இடத்துல, மேலோட்டமா குத்தினாங்க. அதுல 44.2! சீன நரம்பு வரைபடத்தை நம்பி வந்தவனுக்கு இது கொஞ்சம் இடி. ஊசியால வந்த குணமா, கவனிப்பாலயா, நம்பிக்கையாலயா? மெல்சாக், வால் ரெண்டு பேரும் 1965-லேயே, வலி மூளைக்குப் போற வழியில தண்டுவடத்துல ஒரு 'கதவு' இருக்கு, வேற தொடுகை அதைச் சாத்தலாம்னு சொன்னாங்க. இடிச்சுக்கிட்ட இடத்தை நாம தேய்ச்சு விடுறோமே, அந்தக் கணக்கு.

எனக்கு எட்டு தடவை முடிஞ்சிருக்கு. வலி பாதியாச்சு. மாத்திரை வாரத்துக்கு ஒண்ணு. கூடவே தினமும் லேக்கைச் சுத்தி நடக்கவும் செய்யறேன், அதனால பெருமை யாருக்குப் போகணும்னு தெரியலை. வீட்டம்மா நடைக்குத்தான்னு அடிச்சு சொல்றாங்க. அடுத்த வியாழன் கிரியாட்டினின் மறுபடி பார்க்கணும்.